எதிர்த் தொட்டில்

கொல்லயில், பாறசாலை ஊர்களின் ரோடுகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தலைச்சுமட்டைக் கீழே வைத்துவிட்டு ஒருத்தி நின்றால், அந்த வழியே போகிறவன் யாராக இருந்தாலும் ஒரு கை பிடித்து ஏற்றிவிட வேண்டும். சாதி கேட்கக் கூடாது, வேதம் கேட்கக் கூடாது, அவசரம் என்று சொல்லித் தப்பக் கூடாது. கோயிலுக்குத் தாலி கட்டப் போகிற மாப்பிள்ளைகூடப் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கை கொடுத்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பனையோலையில் முடைந்த கடவப்பெட்டி நிறைய மரச்சீனிக் கிழங்கு அள்ளி வைத்தால் தனியாளால் அதைத் தலைக்கு ஏற்ற முடியாது. ஏறிவிட்டால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடந்துவிடலாம். கஷ்டமெல்லாம் தரைக்கும் தலைக்கும் நடுவில்தான்.

மார்த்தாண்டம் பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்த அந்த வருஷம், ரத்னபாயின் கடவத்தை ஏற்றிவிட ஊரில் ஆள் இல்லாமல் போயிற்று.

அவள் புருஷன் செல்லையன் பனையேறி. பனை இல்லாத மாதங்களில் மரச்சீனி போடுவான். மலையாள ராஜ்யத்துக்குள் கிடந்த தமிழ்ப் பகுதியெல்லாம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று மறியலுக்குப் போனவனைப் போலீஸ் பிடித்து நெய்யாற்றின்கரை ஜெயிலில் வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சபையில் அவன் பெயரைச் சொல்லி உருக்கமாக ஜெபம் பண்ணினார்கள். ஜெபம் முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்த வீட்டுப் பக்கம் போனால் போலீஸ் தன் பெயரையும் விசாரிக்கும் என்ற பயம். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ரத்னபாய் சொன்னாள், மனசுக்குள்ளே, தினமும்.

மகள் கிருபாபாய்க்கு ஒன்பது வயது. நடை பழகும் வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் இரண்டு காலையும் எடுத்துக்கொண்டது, இடுப்பும் உறுதியில்லை. பிடிக்க ஆள் இல்லாவிட்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவாள். செல்லையன் இருந்தவரை அவள் தோளிலேயே வளர்ந்தாள். சபைக்கும் தோள், ஆற்றுக்கும் தோள், கலகம் தொடங்கிய பிறகு கூட்டத்துக்கும் தோள். ஊரிலேயே உயரமான பிள்ளை நான்தான் என்று அவள் சொல்லித் திரிந்ததுண்டு. அப்பா போன நாளிலிருந்து அவள் கோழியின் உயரத்துக்கு இறங்கிவிட்டாள். பாயில் கிடந்தபடி வாசலில் போகிறவர்களின் கால்களைப் பார்ப்பாள்.

ஒரு சாயங்காலம் அப்பாவின் தோளில் இருந்து அவள் கண்டதுதான் அந்தக் கார்னிவல் வண்டிகளை. நீலமும் மஞ்சளும் பூசின தொட்டில்களை அடுக்கிக்கொண்டு வண்டிகள் மெயின் ரோட்டில் போயின. ஓணத்துக்கு நெய்யாற்றின்கரையில் ராட்டினம் போடுகிறார்கள் என்று வண்டிக்காரன் சொன்னான். "உன்னை அதுல ஏத்தாம விடமாட்டேன் மக்கா" என்று செல்லையன் வாக்குக் கொடுத்தான். மறு வாரம் மறியலுக்குப் போய்விட்டான்.

ஓணம் கழிந்த மறுநாள் காலையில் பிள்ளை பாயிலிருந்து கேட்டது.

"அம்மோ, ராட்டினம் இன்னிக்கும் உண்டா?"

"இன்னிக்குக் கடைசியாக்கும். நாளைக்குக் கழட்டிக் கெட்டிக் கொண்டுபோவினும்."

"அப்பா வாறதுக்கு முன்னயா?"

"ஆமா மக்கா."

பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் ரத்னபாய் ஒரு அதட்டுப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்த்திருப்பாள். அது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, ஓலைக் கீற்றை நகத்தால் கீறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை அவளால் பொறுக்க முடியவில்லை.

"கீறாத. எழும்பு. போவோம்."

"ஆரு தூக்குவா?"

"எனக்க தலைக்கு என்ன கேடு?"

சந்தைக்கு மரச்சீனி கொண்டுபோகும் கடவத்தைக் கவிழ்த்துத் தட்டினாள். பழைய சேலைகளைச் சுருட்டி உள்ளே சுற்றிலும் திணித்து, நடுவில் பிள்ளையை உட்கார்த்தினாள். இடுப்பு சாயாமல் துணி பிடித்துக்கொண்டது. கால் இரண்டையும் மடக்கி வைத்தாள். அவித்த மரச்சீனியும் கொச்சமிளகு அரைத்த துவையலும் இலையில் பொதிந்து ஓர் ஓரத்தில் செருகினாள். ஒரு துண்டுக் கருப்பட்டி. குப்பியில் கட்டன் காப்பி. வெயிலுக்கு மேலே ஒரு முண்டுத் துணியை விரித்து மூடினாள். முந்தானையில் முடிந்திருந்தது ஓர் ஆள் ராட்டினம் ஏறுகிற காசு மட்டும். மூடிப் பார்த்தால் மரச்சீனிச் சுமடுதான். பெற்றவளுக்கே வித்தியாசம் தெரியாது.

ஏற்றிவிட ஆள் வேண்டுமே. வேலிக்கு அப்புறம் அடுத்த வீட்டுக்காரி முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள். ரத்னபாய் அவளைப் பார்த்தாள். அவள் விளக்குமாற்றைப் பார்த்தாள். கடவத்தைத் தரையோடு இழுத்துக் கொண்டுபோய்த் மாட்டுத் தொழுத்துத் திண்டில் சாய்த்து, முட்டியால் உந்தி, தலையை அடியில் கொடுத்து எழுந்தபோது ரத்னபாய்க்குக் கண் இருட்டியது.

"அம்மோ, விழுந்திருவோமா?"

"வாயை மூடிட்டு இரி. சுமடு பேசப்படாது."

மேலே பிள்ளை சிரித்தது. அந்தச் சிரிப்பின் ஆட்டம் தலைச்சும்மாடு வழியே அவள் கழுத்துக்கு இறங்கியது.

பஸ் ஓடவில்லை. அன்றைக்குக் கடையடைப்பு. ஓணம் கொண்டாடக் கூடாது, எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சந்தைக்கு ஒரு சாமானும் போகக் கூடாது என்று செல்லையனின் கட்சிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஆவணி வெயில் காலையிலேயே சுள்ளென்று அடித்தது. முக்கில், பூட்டிக் கிடந்த கடைக்கு முன்னால் நாலு பேர் கொடியோடு நின்றார்கள். முன்னால் நின்றவன் சத்தியதாஸ், செல்லையனின் சித்தப்பா மகன்.

"ஆரு அது? சுமட்டை எறக்கு. இன்னிக்குச் சந்தைக்கு ஒண்ணும் போவாது."

"சந்தைக்கு இல்ல. நான் ஆக்கும் சத்தியதாசு."

"மைனியா? கொள்ளாம். அண்ணன் ஜெயில்ல கெடக்காவ, நீங்க மரச்சீனி விக்கப் போறியளா?" சொல்லிக்கொண்டே அவன் ஓடி வந்து கை பிடித்து இறக்கினான். இறக்கின பிறகுதான் முண்டு விலகிப் பிள்ளையின் தலை வெளியே வந்தது.

"சித்தப்பா!"

சத்தியதாஸ் திடுக்கிட்டு விலகினான். "பிள்ளையா? என்ன மைனி, பிள்ளைக்கு என்ன? ஆசுத்திரிக்கா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாலு பேரும் மாறி மாறித் தோள் கொடுத்து நெய்யாற்றின்கரை வரைக்கும் கொண்டு விட்டிருப்பார்கள். ரத்னபாய்க்கு அது தெரியாமல் இல்லை. பிள்ளை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆசுத்திரிக்கு இல்ல. ராட்டினம் ஏத்த."

பின்னால் நின்றவர்களில் ஒருவன் தொண்டையைச் செருமினான்.

"நம்ம ஆளுவ வெடி கொண்டு செத்து ஒரு மாசம் ஆவல்ல," என்றான் சத்தியதாஸ். "ஊரு முழுக்க அடுப்பு எரியாமக் கெடக்கு. செல்லையனுக்க பெண்டாட்டி ஓணத்துக்கு ராட்டினம் ஏறப் போறாளாம். நாளைக்கு நான் ஆருக்க மொகத்துல முழிப்பேன்?"

"ஒனக்க அடுப்பு எரியாட்டா ஒனக்குக் கஞ்சி தர பத்து வீடு உண்டு. இந்தப் பிள்ளை இத்தனை நாளு பாயில கெடந்துது. ஒருக்க வந்து தூக்கினியா நீ?"

"வரப்படாதுன்னா வராம இருந்தேன் மைனி? போலீசு..."

"போலீசு உண்டு. எனக்குத் தெரியும். நான் ஒண்ணும் கேக்கல்ல. வாக்குக் குடுத்தது ஒனக்க அண்ணன். எனக்குக் கொடியும் தெரியாது எல்லையும் தெரியாது. ஒரு கை பிடி, நான் போறேன்."

சத்தியதாஸ் கடவத்தைப் பார்த்தான், கூட நின்றவர்களைப் பார்த்தான். அவர்கள் பார்க்காமல் இருந்திருந்தால் பிடித்திருப்பானோ என்னவோ.

"இந்தச் சுமட்டுக்கு நான் கை தர மாட்டேன் மைனி," என்று சொல்லித் திரும்பிக்கொண்டான்.

அந்த ரோட்டில் அப்படி ஒரு வார்த்தையை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. சண்டைக்காரன் சண்டைக்காரிக்குக் கை கொடுத்திருக்கிறான். கோர்ட்டில் வழக்கு நடக்கும் அண்ணன் தம்பி கொடுத்திருக்கிறார்கள். ரத்னபாய் நடுரோட்டில், கடவத்துக்குப் பக்கத்தில் நின்றாள். வெயில் ஏறியது. திரும்பிப் போகவும் கடவம் தலைக்கு ஏற வேண்டும்.

"அம்மோ, வீட்டுக்குப் போவோம்," என்றது பிள்ளை, மெதுவாக.

நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து புல்லுக்கட்டோடு ஒருத்தி வந்தாள். பெயர் சரசம்மா என்று பிறகுதான் தெரிந்தது. நெற்றியில் சந்தனம், பேச்சு மலையாளம். கொடியையும் பார்த்தாள், நிற்கிற ஆண்களையும் பார்த்தாள். தன் கட்டை ரோட்டோரத்தில் தள்ளிவிட்டு நேரே வந்தாள்.

"எந்தா, கேற்றணோ? ஞான் பிடிக்காம்." குனிந்தவள் உள்ளே பார்த்துவிட்டு, "அய்யோ, குஞ்ஞாணோ!" என்று பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள். "எங்ஙோட்டா மோளே?"

"ராட்டினத்துக்கு," என்றது பிள்ளை.

"நன்னாயி. போயிட்டு வா."

இரண்டு பேருமாகத் தூக்கினார்கள். ஏற்றியதும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு தன் புல்லுக்கட்டைப் பார்த்தாள். அதை ஏற்றிவிட சத்தியதாஸே ஓடி வந்தான். அவள் தேவையில்லை என்று சொல்லவில்லை. ஏற்றிக்கொண்டு போனாள். ரத்னபாய்க்கு அது கடைக்கண்ணில் தெரிந்தது, கழுத்தைத் திருப்பத்தான் முடியவில்லை.

வழியில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது, ஆள் உயரத்தில். அதற்குக் கட்சி கிடையாது. யார் துணையும் இல்லாமல் கடவத்தை அதன்மேல் நகர்த்திவிட்டு, தாயும் மகளும் மரச்சீனி தின்றார்கள். மகள் கல்லின் மேலே, தாய் கீழே. துவையல் எரிப்பாக இருந்தது. பிள்ளை கருப்பட்டியை நக்கி நக்கிக் காப்பி குடித்தது.

"சித்தப்பா நம்மட கூட பெணக்கா?"

"பெணக்கு ஒண்ணும் இல்ல. வெயிலு கொண்டு நிக்கான் இல்லியா, அதாக்கும்."

"அப்பா இருந்தா எனக்குச் சுமடே வேண்டாம்."

"ஆமா," என்றாள் ரத்னபாய். இலையை மடித்து எறிந்துவிட்டுக் கழுத்தைப் பிசைந்தாள். செல்லையன் மேல் அவளுக்குக் கோபம் வந்தது. நாட்டுக்காகப் போனவன் மேல் கோபப்படக் கூடாதென்று சபையில் சொல்லித்தந்திருந்தார்கள். இருந்தும் வந்தது.

மைதானம் ஒரு மேட்டில் இருந்தது. ஓணக் கூட்டத்தை எதிர்பார்த்துப் போட்ட பந்தல்கள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. பஸ் இல்லை, கலகப் பயம், ஆளே இல்லை. வளையம் எறிகிற கடைக்காரன் மேஜைமேல் படுத்துத் தூங்கினான். நடுவில் நாலு தொட்டில் ராட்டினம் அசையாமல் நின்றது. அதைக் கையால் தள்ளிச் சுற்றுகிற வேலாயுதன் அடியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். கோட்டுகால் ஊர்க்காரன், இரண்டு பாஷையும் கலந்து பேசுகிறவன். கடவத்தை இறக்க அவன்தான் வந்து கை பிடித்தான்.

"ஒற்றை ஆளுக்குச் சுத்த முடியாது அக்கா," என்றான் பிள்ளையைப் பார்த்துவிட்டு. "ஒரு தொட்டில்ல மட்டும் பாரம் இருந்தா, மேல போனது தடதடான்னு கீழ விழும். எனக்க கை நிக்காது. எதிர்த் தொட்டில்லயும் பாரம் வேணும்."

"மணல் சாக்கு வச்சாப் போதாதா? நான் பிள்ளையை மடியில வச்சுக்கிடுவேன்."

"வச்சதாக்கும் முன்ன. சாக்குத் தையல் விட்டு, பாதிச் சுத்துல மணல் எல்லாம் ஒழுகிப் போச்சு. அதுல பிறகு மொதலாளி ஆளு வேணும்னு சொல்லிட்டாரு. காத்திருங்க, ஆராவது வந்தா ஏத்துவேன்."

காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. ஒரு நாய் வந்தது. மேற்கே மேகம் கட்டத் தொடங்கியது. வேலாயுதன் இரண்டாவது பீடியை அணைத்துவிட்டு எழுந்தான்.

"பிள்ளை இரிக்குமா தனியா?"

"இரிக்காது. சாஞ்சிரும்."

"நான் இரிப்பேன்," என்றது பிள்ளை. "கடவத்தோட வையுங்கோ. கடவத்துல நான் சாய மாட்டேன்."

வேலாயுதன் கடவத்தை அசைத்துப் பார்த்தான். பிறகு ரத்னபாயை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்க எதிர்த் தொட்டில்ல ஏறுங்கோ. ஒங்களுக்கும் இந்தக் கடவத்துக்கும் பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல. மிச்சத்தை நான் பிடிச்சுக்கிடுவேன்."

"ரெண்டு பேருக்குக் காசு இல்ல தம்பி."

"நீங்க ஆளா ஏறல்ல. பாரமாட்டு ஆக்கும் ஏறுதிய. பாரத்துக்குக் காசு இல்ல."

கடவத்தைத் தூக்கித் தொட்டிலில் இறக்கி, கயிற்றால் சுற்றிக் கட்டினான். ரத்னபாய் முடிச்சை இழுத்துப் பார்த்தாள், மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளையை ஒரு கையாவது பிடித்திராத நேரம் பாயில் கிடந்த நேரம் மட்டும்தான். இப்போது பிள்ளை உயரே போகிறது, பிடிக்க வேண்டியவள் எதிர்ப்பக்கத்தில். இறக்கிவிடச் சொல்லலாமா என்று நினைத்தாள். அதற்குள் வேலாயுதன் தொட்டிலை அழுத்திப் பிடித்து அவளை ஏறச் சொல்லிவிட்டான்.

ராட்டினம் முனகிக்கொண்டு அசைந்தது. பிள்ளை மேலே போகப் போக இவள் கீழே வந்தாள். கீழே வந்தவளுக்குத் தெரிந்தது மேல் தொட்டிலின் அடிப்பலகை மட்டும். பிள்ளையின் சத்தம் இல்லை.

"கிருபா! எட்டி, கிருபா!"

"தம்பி, நிப்பாட்டு, நிப்பாட்டு!" என்று கண்ணை மூடிக்கொண்டு கத்துவதற்குள் அவள் மேலே போய்விட்டாள், பிள்ளை கீழே போய்விட்டது. கீழேயிருந்து ஒரு சிரிப்பு வந்தது. செல்லையன் தோளில் இருக்கும்போது சிரிக்கிற சிரிப்பு.

அப்போதுதான் ரத்னபாய் கண்ணைத் திறந்தாள். மேட்டின் சரிவில் ஓட்டுக் கூரைகள், தென்னைகள், அப்புறம் உயரமான ஒரு வெள்ளைச் சுவர். சுவருக்குள்ளே முற்றம். போன வாரம் அந்தச் சுவருக்கு வெளியேதான் அவள் நின்றாள். பார்க்கிற நாள் இன்றைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"தம்பி, அது ஜெயிலா?" மேலேயிருந்து கேட்டாள்.

"ஆமா அக்கா. மத்தியானம் உச்சைக்குப் பிறகு குளிக்க விடுவினும். ஆளுவளைக் காணலாம் சிலப்போ."

அவள் கீழே போனாள், மேலே வந்தாள். ஒவ்வொரு தடவையும் தொட்டில் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு சுவருக்குள்ளேயே பார்த்தாள். கிணறு இருந்தது. கிணற்றுக் கல்லில் வாளி இருந்தது. கொடியில் இரண்டு முண்டு காய்ந்தது. ஆள் இல்லை. கீழே இறங்கும்போதெல்லாம் நினைத்துக்கொண்டாள். இப்போது வந்திருப்பான், இதோ இந்தச் சுற்றில் வந்திருப்பான். மேலே வந்தால் வாளிதான். இன்னும் ஒரு சுற்று என்று கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. வேலாயுதன் கேட்காமலே இரண்டு சுற்று கூட்டிச் சுற்றினான். கடைசித் தடவையும் முண்டு இரண்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

இறங்கியதும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அது வேர்த்து, சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அம்மாவைப் பார்க்கவே இல்லை. ராட்டினத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வேலாயுதன்தான் கடவத்தை ஏற்றிவிட்டான். திரும்பும்போது சுமடு பேசவில்லை. தூங்குகிறதோ என்று அவள் நினைத்தாள். முக்கை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது, வெயிலும் மழையுமாக. பூட்டின கடைக்குக் கீழே ஓடி ஒதுங்கினாள். அங்கே சத்தியதாஸ் மட்டும் உட்கார்ந்திருந்தான், மற்றவர்கள் போய்விட்டார்கள். கொடி சுவரில் சாய்ந்திருந்தது. அவன் எழுந்து கை பிடித்துக் கடவத்தை இறக்கினான்.

மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் அவன் பிள்ளையிடம்தான் பேசினான்.

"ஏறினியா?"

"ஏறினேன். தனியாட்டு. அம்மா மறுபக்கம்." பிள்ளை நனைந்த முண்டுக்குள்ளேயிருந்து நிமிர்ந்தது. "சித்தப்பா, நான் அப்பாவைக் கண்டேன்."

சத்தியதாஸ் ரத்னபாயைப் பார்த்தான். ரத்னபாய் மழையைப் பார்த்தாள்.

"எங்க வச்சு?"

"மேல போனப்போ. மதிலுக்கு அங்க, கெணத்துக்கப் பக்கம். எனக்குக் கை காட்டினாவ."

அவன் பிள்ளைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். "அண்ணன் எப்படி இருக்காவ மக்கா? மெலிஞ்சு போனாவளா?"

பிள்ளை யோசித்தது. "மொகம் செரியாட்டுக் காண முடியல்ல. தோளு அப்படியே தான் இருக்கு."

சத்தியதாஸ் தலையைக் குனிந்துகொண்டான். துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தான், மழை அவன்மேல் விழவே இல்லை. மழை விட்டதும் தானே கடவத்துக்கு மறுபக்கம் போய் நின்றான்.

"பிடியுங்கோ மைனி."

ஏற்றிவிட்டு, கொஞ்ச தூரம் கூடவே நடந்தான். வீடுகள் தெரியத் தொடங்கியதும் நின்றுகொண்டான். ரத்னபாய் நடந்தாள். ரோடு ஈரமாக, ஆளில்லாமல் கிடந்தது. நான் மேலே போனபோது அவள் கீழே. அவள் மேலே போனபோது நான் கீழே. அவள் கண்டதைக் காண எனக்கு வழியே இல்லை என்று நினைத்துக்கொண்டு நடந்தாள். கிணற்றுக் கல்லில் இருந்த வாளி கண்ணை விட்டுப் போகவில்லை.

"அம்மோ."

"என்ன?"

"நீயும் கண்டே இல்லியா?"

சுமட்டுக்குக் கீழே இருக்கிறவளின் முகம் மேலே இருக்கிறவளுக்குத் தெரியாது.

"கண்டேன் மக்கா."

"கை காட்டினியா?"

"காட்டினேன்," என்றாள் ரத்னபாய்.